எண்ணூரில் எந்தக் குரோதி வருஷம்

காலை ஏழு மணிக்கு எழும்பூரில் இறங்கினேன். ராயபுரத்துக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை. திருநெல்வேலியில் ரயில் ஏறியதிலிருந்து ஒரே ஒரு பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்திருந்தேன். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆட்டோவில் ஏறும்போது தாடை வலித்தது.

அந்தப் பத்தியை அனுப்பியவள் மெர்சி. பாளையங்கோட்டைக் கல்லூரியில் என்னோடு படித்தவள். அவள் குடும்பம் தூத்துக்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் கயிறும் வலையும் மொத்தமாக விற்கிறது. அப்பாவுக்குப் பிறகு கடை அவள் பொறுப்பில். எண்ணூர் ஆற்றுமுகத்தில், முகத்துவாரக்குப்பத்தைத் தாண்டி, ஒரு சின்னக் குப்பம் இருக்கிறது. அங்கே இருக்கிறவர்கள் வலை வாங்குவது மெர்சியின் கடையில்தான். அவர்கள் கேட்டுக்கொண்டதால் குப்பத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

குப்பத்தை ஒட்டி, ஆற்றங்கரை வழியாக, கன்டெய்னர் லாரிகளுக்கு ஒரு சாலை போட ஒரு தனியார் நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. சாலை வந்தால் வலை காயப்போடும் மேடும், படகு கட்டும் துறையும் போய்விடும். அதற்காக ஒரு ஆலோசனை நிறுவனம் அறிக்கை எழுதியிருந்தது. மெர்சி அனுப்பியது அதிலிருந்து ஒரு பக்கம்.

"கோயிலருகே உள்ள எழுத்துக் கல்லில் குரோதி வருஷம் என்றும் 66 என்ற எண்ணும் காணப்படுகின்றன. இது 1960-களின் பத்தாண்டைச் சேர்ந்தது. ஆகவே இக்குடியிருப்பு இப்பகுதியில் தொழிற்சாலைகள் வந்த காலத்தில் வேலை தேடி வந்தவர்களால் உருவானது எனக் கொள்ளலாம். மரபுரிமை எதுவும் பொருந்தாது."

பக்கத்தில் கல்லின் புகைப்படம். மங்கலான படம்தான். ஆனால் நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். கல்வெட்டு படிப்பது என் பிழைப்பில் பாதி. அந்த ழகரமும் ணகரமும் 1960-களில் எந்தக் கல்தச்சனும் வெட்டியிருக்க முடியாத எழுத்துகள். இதைக் கண்டுபிடிக்க அறிவு வேண்டாம். பார்த்தால் போதும். பார்க்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் என்னை அறுநூறு கிலோமீட்டர் கிளப்பிக்கொண்டு வந்தது.

மெர்சியின் வீடு கடைக்கு மேல் மாடியில். படியெல்லாம் நைலான் கயிற்றின் வாசனை.

"ஏட்டி வடிவு, மொதல்ல சாப்பிடு. மூணு மணிக்குத்தான் கூட்டம்" என்றாள்.

"கல்லை முதல்ல பாக்கணும்."

"கல்லு எங்கயும் ஓடாது. இட்லி ஆறிரும்."

நான்கு இட்லியை என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டேன்.

ஒன்பது மணி வாக்கில் ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தோம். எண்ணூருக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். எதிர்த்திசையில் கூட்டம் நெரிந்தது. எங்கள் பெட்டியில் உட்கார இடம் இருந்தது. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் கரி ஒட்டியது. மெர்சி கைக்குட்டையை நீட்டினாள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரியவர் இரண்டு கட்டுகளோடு ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தார். வெள்ளைத் தொப்பி, முழுக்கைச் சட்டை. கட்டுகளில் இருந்தவை புது வருடத்துத் தினசரி காலண்டர்கள். பெயர் யூசுப் என்றும், தம்பியோடு சேர்ந்து சின்ன அச்சகம் வைத்திருப்பதாகவும், மீஞ்சூர் கடைகளுக்குக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். நான் ஒரு காலண்டரை வாங்கிப் பார்த்தேன். முதல் தாளில் ஆங்கில ஆண்டு, தமிழ் வருஷப் பெயர், ஹிஜ்ரி, சாலிவாகன சகம், கொல்லம் எல்லாம் அடுக்கி இருந்தன.

"இவ்ளோ வருசம் போட்டாலும் வாங்குறவன் ராகு காலம் எங்க கீதுன்னுதான்மா பாக்குறான்" என்றார்.

மெர்சி சிரித்துவிட்டு, நான் எதற்காகப் போகிறேன் என்று அவரிடம் சொன்னாள். அவர் யோசித்தார்.

"ஒரு டவுட்டும்மா. எங்க ஹிஜ்ரி முன்னாடி போய்க்கினே கீது. இந்த பிரபவ, விபவ அறுபதும் சுத்திச் சுத்தி வருதே. குரோதின்னு மட்டும் எழுதுனா எந்தக் குரோதின்னு எப்புடிக் கண்டுபுடிப்பீங்க?"

அறிக்கை எழுதியவருக்கு வராத சந்தேகம் அது. சொன்னேன். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். குரோதி போன வருஷம் வந்தது. அதற்கு முன் 1964-இல். அதற்கு முன் 1904-இல். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். பெயர் மட்டும் இருந்தால் அது ஊரில் முருகன் என்று ஒருவரைத் தேடுவது மாதிரி. விஜயநகர ராயர்கள் காலத்தில் கல் வெட்டியவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வருஷப் பெயரோடு சகாப்த எண்ணையும், அதாவது காலண்டரில் இருக்கும் அதே சாலிவாகன சகத்தையும், சேர்த்து வெட்டினார்கள். பெயர் சுற்றும், எண் சுற்றாது. இரண்டும் சேர்ந்தால் எந்தச் சுற்றில் வந்த குரோதி என்று தெரிந்துவிடும்.

"அப்போ எண்ணு கீதா அந்தக் கல்லுல?"

"66 மட்டும் இருக்குன்னு எழுதியிருக்காங்க. முன்னால இருக்கறத எவனும் பாக்கல."

"பெயிண்ட்டு அடிச்சிருப்பாங்க. நம்ம ஆளுங்க சாமின்னா பெயிண்ட்டு அடிச்சிடுவாங்க" என்றார் அவர்.

திருவொற்றியூர் வந்தது. அந்தக் கோயில் சுவர்களைப் படிக்க மாணவர்களோடு முன்பு வந்திருக்கிறேன். அங்கே சோழர் கல்வெட்டுகளில் அரசன் பட்டமேறிய நாளிலிருந்து யாண்டு எண்ணுவார்கள். அரசன் மாறினால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எனக்குத் தெரிந்து அவர்களில் யாரும் காலத்தைப் பத்துப் பத்தாக வெட்டிப் பெட்டியில் போட்டதில்லை. "1960-களின் பத்தாண்டு" என்ற பேச்சே அவர்களுக்குப் புரியாது. பத்து என்பது அவர்களுக்கு ஒரு எழுத்து, எண் எழுதும்போது இடையில் வரும் ௰ என்ற குறி. அந்தக் குறியைப் பார்த்துத்தான் இந்த மகானுபாவர்கள் ஒரு குப்பத்துக்கே வயது போட்டிருக்கிறார்கள்.

எண்ணூரில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ நூறு ரூபாய். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

"ஆத்தாண்டயா? அந்த ரோட்டு மீட்டிங்கா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"அதுக்குத்தான். நீங்க வருவீங்களா?"

"வந்து இன்னா பண்றது. போன தபா வேற எதுக்கோ வெச்சாங்க. பிஸ்கட்டு குடுத்தாங்க, டீ குடுத்தாங்க, கையெழுத்து வாங்கிக்கினாங்க. சொல்றதச் சொன்னோம். அப்பால அவங்க நெனச்சதத்தான் செஞ்சாங்க." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இங்க மூக்க மூடிக்கோ மேடம். அந்தாண்ட போனா பழகிடும்."

பழகவில்லை. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் நடுவே பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள் நடந்தார்கள். சாலையோரப் பூவரச மரத்தில் இலை பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியவில்லை. ஆறு கண்ணில் பட்டபோது அதன் நிறத்துக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் சிமெண்டைக் கரைத்தால் வருமே, கிட்டத்தட்ட அப்படி. அதில் இடுப்பளவுத் தண்ணீரில் நான்கு பெண்கள் குனிந்து, கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறியை வாயில் கடித்திருந்தார்கள்.

தில்லிபாபு எங்களுக்காகக் காத்திருந்தார். குப்பத்துக்குத் தலைவர், நாற்பது வயது இருக்கும். அவர் அறிக்கையின் பிரதியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அதை வாசித்து வாசித்து ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"என் தாத்தாவுக்குத் தாத்தா இங்க வலை போட்டவரும்மா. எங்கள வந்தேறின்னு எழுதிக்கிறாங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

கல் கோயிலுக்கு வலப்பக்கம், என் மார்பளவு உயரத்தில் நின்றது. யூசுப் பாய் சொன்னது சரி. மஞ்சள் எனாமல் பெயிண்ட் அடுக்கடுக்காக அடித்து, மேலே குங்குமம் அப்பி, சிவப்புப் புடவை கட்டியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் மட்டும் பெயிண்ட் உரிந்து சில எழுத்துகள் தெரிந்தன. குரோதி தெரிந்தது. ௬௰௬ தெரிந்தது, அதாவது அறுபத்தாறு. அதற்கு முன்னால் பெயிண்ட்.

பையிலிருந்து மூங்கில் சீவலை எடுத்தேன். பெயிண்டை மெல்லச் சுரண்டலாம் என்று நினைத்தேன். ஆற்றிலிருந்து ஏறி வந்த ஒரு பெண், ஈரப் புடவையோடு, எனக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றாள். எல்லம்மா என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவள். பறியில் இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

"இன்னா பண்ணப் போற?"

"பெயிண்ட்ட கொஞ்சம் எடுத்தா எழுத்து தெரியும்மா."

"அது அம்மா. அம்மா மேல கூரா ஒன்னும் வெக்கக் கூடாது."

தில்லிபாபு, "எல்லம்மாக்கா, கூட்டத்துல காட்றதுக்கு வேணும்கா" என்றார்.

"காட்டு. சுரண்டாத. ஆடி மாசம் நான் அடிச்ச பெயிண்ட்டு அது."

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேலும்தான். மூன்று மணிக்குக் கூட்டம். குப்பமே அதை நம்பியிருக்கிறது. இவள் பெயிண்டைப் பற்றிப் பேசுகிறாள் என்று தோன்றியது. மெர்சி என் கையிலிருந்து சீவலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "வேற வழி பாரு" என்றாள்.

வேறு வழி இருந்தது. ஆழமாக வெட்டிய எழுத்து பெயிண்டுக்கு அடியிலும் பள்ளமாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். ஆனால் உச்சி வெயிலில் அது தெரியாது. தில்லிபாபு படகை மூடும் தார்ப்பாயைக் கொண்டுவந்தார். அவரும் மெர்சியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடிக்க, கல்லோடு சேர்த்து என்னை மூடினார்கள். உள்ளே மீன் நாற்றமும் புழுக்கமும். புடவையை விலக்கவும் கையால் தொடவும் எல்லம்மாவிடம் கேட்டேன். "கால் கழுவிக்கினியா?" என்று கேட்டுவிட்டு, அவளே உள்ளே வந்து புடவையை ஒதுக்கி, என் கைபேசி விளக்கை நான் சொன்னபடி கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

எழுத்து எழுந்து வந்தது. வேறு மாதிரி அதைச் சொல்லத் தெரியவில்லை. விரலால் ஒவ்வொன்றாகத் தடவினேன். ௲, ஆயிரம். ௪, நாலு. ௱, நூறு. பிறகு வெளியே தெரிந்த ௬௰௬. ஆயிரத்து நானூற்று அறுபத்தாறு. "சகாப்தம் ௲௪௱௬௰௬ன் மேல் செல்லாநின்ற குரோதி வருஷம் கர்க்கடக நாயற்று." சகாப்தம் 1466 முடிந்து, அதன் மேல் நடந்துகொண்டிருந்த குரோதி வருஷத்து ஆடி மாதம். எழுபத்தெட்டைக் கூட்டினால் நம் கணக்கில் 1544.

வெளியே வந்து சொன்னேன். தில்லிபாபு தார்ப்பாயைக் கீழே விடாமலே நின்றார்.

"எவ்ளோ வித்தியாசம்?"

"ஏழு குரோதி வித்தியாசம். நானூத்தியிருபது வருஷம்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மீதியையும் வாசித்தேன். இந்த ஆற்றுவாயில் வலை போடுகிற கரையாரிடமிருந்து வரும் மீன்பாட்டம், அதாவது மீன்பிடிக் குத்தகை, இந்த ஆற்றுவாயில் எரியும் அம்மன் விளக்குக்குச் சந்திரசூரியர் உள்ளவரை செல்லும் என்று இருந்தது. கரையார் என்ற சொல்லை இரண்டு முறை தடவிப் பார்த்தேன். இங்கே வலை போட்டவர்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள். கல்லில் பெயர் போட்டிருக்கிறது.

கூட்டம் எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் போன முகூர்த்தத்து ஜிகினா இன்னும் தொங்கியது. நடுவில் வருவாய்த்துறை அதிகாரி, ஒரு பெண்மணி. அவருக்கு வலப்பக்கம் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர், ஆலோசனை நிறுவனத்துக்காரர். குப்பத்திலிருந்து நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லம்மா முன் வரிசையில், வேறு புடவை கட்டி, தலையில் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கோட்டுக்காரர் திரையில் படம் காட்டினார். சாலை ஒரு நீலக் கோடாகப் போனது. குப்பம் ஒரு சாம்பல் கட்டம். கட்டத்துக்குள் "1960-கள்" என்று எழுதியிருந்தது.

என் முறை வந்ததும் எழுந்தேன். மைக் கரகரத்தது. கல்லைப் பற்றி, ௲ பற்றி, ௱ பற்றி, அறுபது வருஷச் சுற்றைப் பற்றிச் சொன்னேன். "இந்தக் கல்லை நேரில் போய்ப் பார்த்தவர் யார்?" என்று கேட்டேன்.

"எங்க டீம் போட்டோ எடுத்தாங்க மேடம்" என்றார் அவர்.

"படித்தவர் யார்?"

"குரோதின்னு ஒரு தமிழ் வருஷம் இருக்கு. அது 1964. அறுபத்தாறுங்கறது ரெண்டு வருஷ டிஃபரன்ஸ்ல மேட்ச் ஆச்சு. அதனால டிகேடா போட்டோம். டிகேட் லெவல்ல அக்யூரேட்தான்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டு வருஷம் பொருந்தவில்லை என்று தெரிந்தும், பொருந்தாததை மூடுவதற்குப் பத்தாண்டு என்ற போர்வையைப் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் சொன்னேன். எந்தக் குரோதி என்று கேட்க உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றாமல் இருப்பது வசதியாக இருந்ததா என்றும் கேட்டேன். குரல் கத்தலாக மாறிவிட்டது எனக்கே தெரிந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டார். கோட்டுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ பேசினார். பிறகு மைக்கை எடுத்தார். முகத்தில் கவலை இல்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது.

"மேடம் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. இது ஐந்நூறு வருஷத்துக் கல்லுன்னா ரொம்பப் பெரிய விஷயம். அப்போ அது இந்த மாதிரி உப்புக் காத்துல, பெயிண்ட் அடிச்சு, பாதுகாப்பு இல்லாம இருக்கக் கூடாது. கிளையண்ட் சொந்தச் செலவுல மியூசியத்துக்கு மாத்திக் குடுக்கத் தயாரா இருக்காங்க. ரோட்டுக்கும் அந்த இடம் கிளியராயிடும்."

அவர் உட்கார்ந்தார். முன் வரிசையிலிருந்து தலைகள் ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பின. எல்லம்மா திரும்பவில்லை. மெர்சி என் முழங்கையைப் பிடித்தாள்.

புதிய கல் என்றால் மக்களுக்கு உரிமை இல்லை. பழைய கல் என்றால் கல்லுக்கு இடம் இல்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் சாலை வந்துவிடும். அந்த எண்ணைப் படித்துக் கையில் கொடுத்தவள் நான். மைக் இன்னும் என்னிடம்தான் இருந்தது. சுவர் ஓரமாகத் தில்லிபாபு நின்றிருந்தார். சுருட்டிய அறிக்கையை விரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார்.

கல்லின் கடைசி வரிகளை நான் கூட்டத்தில் சொல்லாமல் விட்டிருந்தேன். எல்லாத் தானக் கல்லிலும் வருகிற வரிகள்தான். கல்வெட்டுக்காரர்கள் பொதுவாகத் தாண்டிப் போவார்கள். குறிப்பேடு தேவைப்படவில்லை. மேடையைப் பார்த்துச் சொன்னேன்:

"இந்தக் கல்லில் இன்னும் எழுதியிருக்கிறது. 'இத்தன்மத்துக்கு அகிதம் பண்ணினவன் கங்கைக்கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக் கடவன்.' இந்தத் தருமத்துக்குக் கேடு செய்தவனுக்குப் பசுவைக் கொன்ற பாவம் என்று அர்த்தம். விளக்கு எரிய வேண்டியது எங்கே என்று எழுதியிருக்கிறது. ஆற்றுவாயில். மியூசியத்தில் இல்லை. கல்லை எடுத்தால் தானத்தை எடுத்ததுதான். நீங்கள் 1544 என்று ஒத்துக்கொண்டால், 1544-இல் எழுதியதையும் முழுக்க ஒத்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிட முடியாது."

முன் வரிசையில் எல்லம்மா எழுந்தாள். மைக் வாங்கவில்லை.

"அது எங்க அம்மா. பெயிண்ட்டு அடிச்சா அடிப்போம், புடவை கட்டுனா கட்டுவோம். தொட்டுப் பாரு" என்றாள் கோட்டுக்காரரிடம். பின்னால் நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். நாற்காலிகள் இழுபட்ட சத்தத்தில் அடுத்த சில நிமிஷம் யார் பேசியதும் கேட்கவில்லை.

அதிகாரி மேசையைத் தட்டினார். களைத்த குரலில் தீர்ப்பு மாதிரி ஒன்றைச் சொன்னார். குடியிருப்பின் வயது பற்றிய பகுதி ஏற்கப்படவில்லை; கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து மறுபடி எழுதிக் கொண்டுவர வேண்டும். அதுவரை ஆற்றங்கரைப் பகுதி பற்றி எந்த முடிவும் இல்லை. கல்லைக் குப்பத்து மக்களின் சம்மதமில்லாமல் யாரும் தொடக் கூடாது. இதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். கோட்டுக்காரர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார், மளிகைக் கடையில் சாமான் சொல்லும்போது குறித்துக்கொள்வது போல.

சாலை நிற்கவில்லை. தள்ளிப் போயிருக்கிறது. எத்தனை மாதத்துக்கு என்று எனக்குத் தெரியாது.

மாலையில் குப்பத்துக்குத் திரும்பினோம். மெர்சி டீ வாங்கிக் கொடுத்தாள். நான் எல்லம்மாவிடம் போய், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றேன்.

"நீ படிச்சது சரி. யாரும் உன்ன தப்பு சொல்லல" என்றாள். டீயை ஊதினாள். "ஆனா நேத்து வரைக்கும் இது எங்க சாமி. எவனுக்கும் தெரியாது. இன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சு. இனிமே இதுக்குக் காவல் போடணும். யார் போடுவா, நீயா?"

தில்லிபாபு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வலை பின்றத இங்க கொண்டாந்துடலாம்கா. வெயில் காலத்துல அந்தத் தார்ப்பாயக் கட்டிக்கலாம். தினம் நாலு பேரு இங்கதான் ஒக்காந்துகினு இருப்போம். எவன் வருவான்?"

"வருவான்" என்றாள் எல்லம்மா. "வரட்டும்."

அவள் எழுந்து போய்க் கல்லுக்குப் புடவையைச் சரியாகக் கட்டிவிட்டு, அகலில் எண்ணெய் ஊற்றினாள். தன்மம் எழுதிய கல்லுக்கு முன்னால் விளக்கு எரிவதை நான் எத்தனையோ கல்வெட்டுகள் படித்தும் அன்றுதான் நேரில் பார்த்தேன். எல்லம்மா கேட்ட கேள்வியோடு அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. விளக்குக்கு அப்பால், ஆற்றின் மறுகரையில், சிவப்பு விளக்கு வைத்த புகைபோக்கிகள் வரிசையாக நின்றன.

மறுநாள் எழும்பூருக்கு மெர்சி வழியனுப்ப வந்தாள். "ஊருக்குப் போயி மறந்துராத. அடுத்த கூட்டத்துக்கும் நீதான் வரணும்" என்றாள். வருவேன் என்றேன். வண்டி செங்கல்பட்டைத் தாண்டும்வரை கோபம் குறையவில்லை; குறைய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஜன்னலில் வயல்கள் ஓட ஆரம்பித்தபோது, பாளையங்கோட்டையில் நான் குடியிருக்கும் நகரை நினைத்துக்கொண்டேன். அது ஒரு குளத்தின் பாசன வயல்மேல் மனை பிரித்து விற்ற இடம். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கும் முப்பது வயதுக்கு மேல் இல்லை. அங்கே சாலை போட்டபோது மாநகராட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து, வாசல் கோலம் கலையாமல் எந்த நேரத்தில் வேலையை ஆரம்பிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். நீங்கள் எந்த வருஷம் வந்தீர்கள், அதற்கு எந்தக் கல் சாட்சி என்று இன்றுவரை எங்களை ஒருவரும் கேட்டதில்லை.